மாடியில் வைத்த தூசி மெஷின்

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மயிலம் முருகனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன், நாங்கள் இங்கே ஏதோ இருக்கிறோம். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் நாளைக்கு அங்கே கிளம்பும் நம் தெரு சீனுவாசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார், டாக்டர் கல்லுடைக்கும் கிரஷர் தூசிதான் என்கிறார். அந்தக் கிரஷர்காரன் இரண்டாவது கிரஷருக்கும் அனுமதி கேட்டிருக்கிறான். காற்றில் நுண்தூசியை அளந்து பார்த்துத்தான் கொடுப்பார்களாம், அளவு தாண்டினால் கிடையாதாம். அதற்காகப் போன மாதம் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்று ஒருத்தர் வந்து நம் மாடியில் ஒரு மெஷினை வைத்து, காத்த இழுத்துக்கினே இருக்கும்மா, காலையில வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்க் குடம், தோசை மாவு எதை மூடாமல் வைத்தாலும் இங்கே அரை நாளில் வெளுத்துவிடும். அவ்வளவு விலையுள்ள பொருளில் தூசி படிகிறதே என்று என் பழைய புடவையை நனைத்து அதன்மேல் மூடிவிட்டேன் கலை. காலையில் கிழிசலைப் பார்த்தால் மானம் போகும் என்று அவர் வருவதற்குள் எடுத்தும் விட்டேன்.

இப்போது அளவு வந்திருக்கிறது. அறுபது வரை இருக்கலாமாம், நம் மாடியில் முப்பத்தொன்றுதானாம். தூசியெல்லாம் என் ஈரப் புடவையிலேயே நின்றுவிட்டிருக்கிறது. ஊரே கொதிக்கிறது. எதிர்வீட்டு வல்லரசு, மெஷின் வெச்ச ஆளு துட்டு வாங்கிக்கினு கம்மியா எழுதிட்டான், கூட்டத்துல கேக்காம உடமாட்டேன் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறான். என்னிடம் வந்தபோது மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பினேன். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கம்முனு கெட, வெளிய தெரிஞ்சா தல காட்ட முடியாது, என் மூச்சு எப்பிடியோ போவட்டும் என்றார். எப்படியோ போகட்டும் என்றால் என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வியாழக்கிழமை திண்டிவனத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எழுந்து நின்று, அந்தாளு மேல தப்பு இல்ல, மூடுனது நான்தான், மறுபடியும் அளங்க என்று சொல்லப்போகிறேன். நம்புவார்களோ மாட்டார்களோ, மறுபடி அளப்பார்களோ தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, நோய் நொடி இல்லாமல் இரு. என்னைத் திட்டுவதானால் வியாழக்கிழமைக்குப் பிறகு திட்டு. அதுவரை போன் போட்டால் அப்பாவிடம் கொடு என்று மட்டும் சொல், உன் குரலைக் கேட்டால் எனக்குத் துணிச்சல் போய்விடும்.

உன் அம்மா,
செண்பகம்