இரண்டாவது ஸ்டெப்னி

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் உன் மகளும்தான். உங்கள் சர்வே முகாமுக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிக்காரரிடம் இந்தக் கடிதத்தையும் சாக்கில் சுற்றிய இரும்புச் சாமானையும் கொடுத்தனுப்புகிறேன். அங்கே போனுக்கு டவர் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நாள் முழுக்க கிரில் பட்டறையில் கிரைண்டர் பிடித்த கை, இன்னும் நடுக்கம் நிற்கவில்லை.

சாக்கில் இருப்பது நீ கேட்ட ஸ்டெப்னி ஸ்டாண்டு. போன லீவில் ஆபீஸ் ஜீப்போடு வந்து இறங்கியவள், உட்காரக்கூட இல்லை, பின்பக்கம் இன்னொரு டயர் மாட்ட வழிசெய்து கொடு என்றாய். கடையில் விற்பது எதுவும் அந்தக் கிழட்டு வண்டிக்குப் பொருந்தாதாம். உள்ளே போட்டால் சர்வே ஆட்கள் உட்கார இடமில்லையாம். ஒரே ஸ்டெப்னி உள்ள வண்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடமாட்டார்கள், இரண்டு இருந்தால்தான் மேல் முகாமுக்கு அனுப்புவார்கள், அங்கே போனால்தான் வேலை நிரந்தரமாகும் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். மேல் முகாமில் இருப்பவர்கள் மாதாமாதம் வீட்டுக்கு வர முடியாது, வருஷத்துக்கு இரண்டு தடவைதான் என்பதை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். நானும் அட்டையை வெட்டி அளவெடுத்துக்கொண்டேன்.

கேட் செய்து பழகிய புத்தி எங்கே போகும்? முதலில் வீட்டு கேட் மாதிரியே செய்தேன். ஜீப்பின் பின்கதவைத் திறக்க டயர் விலகி வழிவிட வேண்டுமே, அதற்காக இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள். டயரை மாட்டிப் பார்த்தால் லட்சணமாகத்தான் இருந்தது. பட்டறை வேனின் பின்னால் பொருத்தி ஒரு சுற்று ஓட்டினேன். பேக்கரிக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் தாழ்ப்பாள் எகிறிவிட்டது. கேட் டயரோடு விரியத் திறந்து, பேக்கரிக்காரரின் பெயர்ப்பலகையை ஒரே அறையில் சாய்த்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை. வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வீட்டு கேட் நிற்கிற இடத்தில் நிற்கும், இது நாள் முழுக்கக் குதித்துக்கொண்டே போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. பலகையை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்போது கீலுக்குப் பதில் பழைய டிரெய்லர் சக்கரத்தின் அச்சையும் பேரிங்கையும் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். எவ்வளவு பாரம் தொங்கினாலும் தொய்யாது. தாழ்ப்பாளுக்குப் பதில் லாரியின் பின்கதவில் இருக்குமே, இழுத்துப் பூட்டுகிற கொக்கி, அது. சத்தம் வராமல் இருக்க ரப்பர் கொடுத்திருக்கிறேன், தேய்ந்தால் மாற்றிக்கொள். பேரிங்குக்கு அவ்வப்போது கிரீஸ் வை. நீ வைக்க மாட்டாய், எனக்குத் தெரியும். மெக்கானிக்கிடமாவது சொல்லிவை.

உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், போன வாரம் அதையும் எங்கேயோ தொலைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். எனக்குத் தலைபின்ன வந்துவிட்டது, ஆனால் இரண்டு ஜடையும் ஒரே உயரத்தில் வருவதில்லை. ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவன் வீட்டில் குளியலறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது. ஆக்கி, ஊட்டி, பள்ளியில் விட்டு, பட்டறைக்கு ஓடி, மறுபடி வந்து ஆக்கி, பாத்திரம் கழுவி... அலுத்துப்போச்சு. உடம்பு அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போகிற அலுப்பாக இல்லை.

விடுமுறை நாளில் அவளையும் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். டயர் மேல் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"இதை மாட்டிக்கிட்டா அம்மா இன்னும் தூரமா போயிடுவாங்களாப்பா?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏம்ப்பா நீயே செஞ்சு குடுக்கற?"

வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ ஒரே நாளில் ஓடுகிற டயர் ஒன்றும், மாற்றிப் போட்ட ஸ்டெப்னியும் போய், ஆற்று மணலில் தன்னந்தனியாக ஒரு ராத்திரி கிடந்தாயாமே. அந்த வாரம் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து போனில் பேசும்போது கொஞ்சம் வேலை ஜாஸ்தி என்று மட்டும்தான் சொன்னாய். கட்டிய புருஷனுக்கு அதை லாரிக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய். ஸ்டாண்டு செய்யாமல் இழுத்தடித்தால் உன்னை மேலே அனுப்ப மாட்டார்கள் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் நீயா அடங்குகிறவள்? டயரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டாவது போவாய். நீ வீட்டில் இல்லாததை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன். நீ எங்கேயோ மணலில் தனியாகக் கிடப்பதைப் பொறுக்க என்னால் ஆகாது. அதனால்தான் செய்தேன்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். இந்த வேலைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். போய்வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொருத்தும்போது உங்கள் மெக்கானிக் இதை வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்பார். அதுதான் உறுதி என்பார். தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீ விடாதே. வேண்டுமென்றேதான் நாலு போல்ட்டில் நிற்கிற மாதிரி செய்திருக்கிறேன். அதற்கான ஸ்பேனரும் சாக்குக்குள்ளேயே இருக்கிறது, உன் கைக்கு அடங்குகிற அளவுதான். என்றைக்காவது போதும் என்று தோன்றினால், யாரையும் கேட்காமல் நீயே கழற்றிப் போட்டுவிடு. அப்புறம் அது ஒற்றை ஸ்டெப்னி வண்டிதான், அவர்களே உன்னைக் கீழே அனுப்பிவிடுவார்கள். ஏன் கழற்றினாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தப் பாதையில் போனாலும் உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்