ஊரறிந்த ஜெபக்குறிப்பு

என்னங்க,

நீங்கள் தூங்கும்போதே வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். புதுச்சாவி இந்தச் சீட்டுக்கு அடியில்.

புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த தையல்காரியை நம் வீட்டில் வைத்துக்கொள்ள நானும்தான் சம்மதித்தேன், ஆபத்து என்று தெரிந்தே. அதற்காக ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "எங்க வீட்டுல ஒளிஞ்சிருக்கிற சகோதரிக்காக ஜெபம் பண்ணுங்க" என்று எந்த மனுஷனாவது ஜெபக்குறிப்பு சொல்வாரா? நேற்று அவள் புருஷன் வாசலில் வந்து நின்று கத்தினான். நீங்களோ, "கர்த்தர் பாத்துப்பார்" என்கிறீர்கள். அடைக்கலம் கொடுக்கத்தான் கர்த்தர் சொன்னார், அட்ரஸ் கொடுக்கச் சொல்லவில்லை!

அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. ரோஷத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

பி.கு.: அவளை அனுப்பிவிடலாம் என்று மட்டும் பேச்செடுக்காதீர்கள். அவள் இங்கேயே இருக்கத்தான் புதுப்பூட்டு. பழையதை எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாய்க்கு வேண்டும்.