பெரியப்பா படித்த லெவல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவின் ஸ்கேன் ஃபிலிமைப் பெரியப்பா இன்று மாலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கீழ்முதுகில் எல்-ஃபோர் லெவலில் தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்கிறது. அதில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் 'லெவல்'. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; பூமிக்குள் ஒவ்வொரு ஆழத்திலும் குடைந்த பாதைக்கு அங்கே லெவல் என்று பேர். அம்மாவின் முதுகையும் அந்தச் சுரங்கமாக்கிவிட்டார்.

"லெவல் குறுகிப்போச்சுன்னா உள்ள ஆள இறக்கக் கூடாதும்மா. எப்ப சரியும்னு சொல்ல முடியாது. நீ வேலைக்கிப் போறத நிறுத்திடு" என்றார் அம்மாவிடம்.

"உங்களுக்கும் ஸ்கேன் எடுத்தாங்களே பெரியப்பா, இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"எனக்கு இதவிட மோசம். எப்படி நடக்கறீங்கன்னு டாக்டரே கேட்டாரு" என்றார், பெருமையாக. பிறகு மாரிகுப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்தே திரும்பிப் போனார். தான் சொன்னது தன் காதிலேயே விழாத மனிதர். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

அம்மாவைப் பார்த்த டாக்டர் மட்டும் என்ன ஒழுங்கு? "வயசானா நிறைய பேருக்கு இப்படி இருக்கும், வலிய வச்சுதான் முடிவு பண்ணணும்" என்றார். வலியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஃபிலிமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வலியோடு நேற்றுவரை பெங்களூர் ரயிலுக்கு ஓடிய அம்மா, இன்று சமையலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். படுக்கும்முன் கேட்டேன்.

"இப்ப எங்கம்மா வலிக்குது?"

"ரிப்போர்ட்ல இன்னா போட்டிருக்குது, பாத்து சொல்லு" என்றாள்.