வரைபடத்தில் ஒட்டாத பொட்டு

ஆபீஸுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் சொருகி வைத்திருந்த வரைபடம் சரிந்து விழுந்தது. எடுத்துச் சுருட்டும்போது உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது. சிவப்புப் பொட்டு. பசை காய்ந்து, ஓரம் சுருண்டு, நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

உன் பொட்டுதான். பஸ் ஸ்டாண்டு வளையல் கடையில் அட்டை அட்டையாக நீ வாங்கி வந்தவை. கடைக்கார அம்மா, "இவ்ளோ பொட்ட வச்சிக்க நெத்தி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாராம். வந்து சொல்லிச் சிரித்தாய். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துச் சாலைகளையும் காட்டும் அந்தப் பெரிய வரைபடத்தில், லாரி மோதி யாராவது செத்த இடத்திலெல்லாம் ஒரு பொட்டு ஒட்டினாய். நம்மிடம் வந்த கேஸ் மட்டுமல்ல, வராததும். தினமும் காலையில் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒட்டுவாய்.

அப்போது நமக்குப் பெரம்பலூரில் இதே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே அறை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஆடினால் அலறும் ஒரு ஃபேன். திருச்சியில் சட்டம் படித்துவிட்டு வந்த இரண்டு பெண்களை நம்பி யாரும் நிலத்தகராறு கொடுக்கவில்லை. லாரி கேஸ்தான் வந்தது. லாரிக்கு இங்கே பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கின்றன. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த குடும்பம், அந்த நிலத்துக் கல்லை ஏற்றிப்போகும் வண்டிக்கு ஆளையும் பலி கொடுக்கிறது. இதைக் கேட்க ஒருவரும் இல்லை. விபத்து நஷ்டஈடு என்று பெயர் வைத்து நம்மிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

நான்கு வழிச் சாலையில் நீ ஒட்டிய பொட்டுகள் ஒரே இடத்தில் குவிந்தன. நடுத்தடுப்பை ஊர்க்காரர்களே இடித்து வழி வைத்த இடம். எல்லோரும் அதை 'உடைப்பு' என்றுதான் சொல்வார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் முறைப்படி திரும்ப வேண்டுமானால் மூன்று கிலோமீட்டர் போய்ச் சுற்றி வர வேண்டும். யார் போவார்கள்? சாலை ஓரமாக எதிர்த் திசையில் கொஞ்ச தூரம் வந்து, உடைப்பில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். டிப்பர்காரன் வேகத்தைக் குறைப்பதில்லை. உடைப்பில் விளக்கும் இல்லை.

அந்த இடத்தில் முறையான திருப்பமும் விளக்கும் வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கத்தான் நீ பொட்டு ஒட்டினாய். நான் அந்தப் பொட்டுகளை வேறு மாதிரி படித்தேன். எங்கே அதிகம் குவிந்திருக்கிறதோ, அங்கே இருக்கும் டீக்கடைகளில் நம் விசிட்டிங் கார்டைக் கொடுத்து வைத்தேன். யாராவது விழுந்தால் முதல் போன் எனக்கு வர வேண்டும். நம் ஆபீஸ் வளர்ந்த கதை இவ்வளவுதான். இப்போது இந்த மாடி முழுக்க நம்முடையது, நான்கு ஜூனியர்கள் இருக்கிறார்கள், அரியலூரிலும் ஒரு கிளை. ரோட்டைச் சரிசெய்துவிட்டால் இதையெல்லாம் மூட வேண்டும். இது தெரிந்துகொண்டேதான் தினமும் இந்த நாற்காலியில் உட்காருகிறேன்.

உடைப்புக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த கோவிந்து அண்ணனை நினைவிருக்கிறதா? கோர்ட்டுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். அந்த இடத்துக் கேஸ் எல்லாவற்றுக்கும் நேரில் பார்த்த சாட்சி அவர்தான். "எந்தப் பக்கம் வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க மேடம், மத்தத நா பாத்துக்கறேன்" என்பார். அவர் சாட்சியில் எல்லோரும் சரியான பக்கம்தான் வந்தார்கள். எதிர்த் திசையில் வந்தவர் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் வக்கீல் பாதிக் குற்றத்தைச் செத்தவர் தலையில் கட்டிவிடுவார். நீ அவரிடம், "அண்ணே, நீங்க டீ வித்ததவிட சாவு பாத்ததுதான் அதிகம் போலருக்கே" என்றாய். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கு என்னம்மா பண்றது, கடை அங்கன்னு ஆயிப்போச்சு" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

உன் மனுவுக்குப் பதில் வந்த நாளில் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினாய். குறிப்பிட்ட இடத்தில் நடந்த விபத்துகளின் தீர்ப்புகளைப் பரிசீலித்ததில், இறந்தவர்கள் அனைவரும் தங்களுக்குரிய பக்கத்திலேயே வந்துள்ளனர். எனவே தடுப்பு இடைவெளி விபத்துக்குக் காரணமல்ல என்று எழுதியிருந்தார்கள்.

"நாம வாங்குன தீர்ப்புடி இதெல்லாம்," என்றாய். "நம்ம கேஸ வச்சே நம்ம மனுவ மூடிட்டாங்க."

"மனு சோறு போடுமா? அந்தக் குடும்பங்களுக்கு முழுசா வாங்கிக் கொடுத்தோம்ல?"

"கொடுத்தோம். அடுத்த ஆளும் அங்கயே வந்து சாவுறான். அவனுக்கும் வாங்கிக் கொடுப்போம். செத்தவங்க வாயில நாம பொய்ய வைக்கிறோம்டி. அவங்களால துப்பக்கூட முடியாது."

"நல்லவளா இருக்கணும்னா வேற தொழில் பாரு" என்றேன். அந்த வாரமே நீ போய்விட்டாய். அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே தனியாக ஒரு மேசை போட்டாய். வரைபடத்தை மட்டும் இங்கேயே விட்டுப்போனாய். வந்து கேட்பாய் என்று நான் பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். நீ கேட்கவில்லை. நானும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கோவிந்து அண்ணன் போன் செய்தார்.

"மேடம், ஒண்ணு விழுந்துருக்கு. லேடீஸ். ஸ்கூட்டி. ஸ்பாட்டுலயே முடிஞ்சிருச்சு."

"லாரி நம்பர் சொல்லுங்க" என்றேன்.

எழுதிக்கொண்டேன். ஓனர் பெயர், டிப்பரின் பின்னால் எழுதியிருந்த ஊர், எல்லாம் கேட்டேன். விழுந்தது யார் என்று கேட்கவில்லை. எப்போதும் கடைசியில்தான் கேட்போம். நீ ஹெல்மெட் போட்டிருந்தாய். அதனால் அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. போலீஸ் வந்து கழற்றிய பிறகு அவர் மறுபடியும் கூப்பிட்டார். அந்த முறை உன் பெயரைத்தான் சொன்னார். லாரி நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு என் கையிலேயே இருந்தது. செத்தது நீ என்று தெரியும் முன்பே, உன்னை இடித்த வண்டியை நான் தெரிந்துகொண்டேன்.

உன் கேஸை நான்தான் நடத்தினேன். அரும்பாவூரிலிருந்து உன் அப்பா வருவார். வெங்காயக் காட்டிலிருந்து நேராக பஸ் ஏறிய கையோடு, நகத்தில் மண்ணோடு, தீர்ப்பாயத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வீடு உன் வருமானத்தில்தான் ஓடியது என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

உண்மையாகவே பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். உடைப்பு ஓரத்தில் கம்பங்கூழ் விற்கும் செல்லம்மா. அவரிடம் போய்க் கேட்டேன். "அந்தப் பொண்ணு எதிர்க்கதான் வந்துச்சு. கூழ் குடிச்சிட்டு, 'வரேன் அக்கா'ன்னு சொல்லிட்டு இப்படி வந்து திரும்புச்சு. லாரிக்காரன் புயலாட்டம் வந்துட்டான்" என்றார்.

நீயும் அப்படித்தான் வந்திருக்கிறாய். அத்தனை பொட்டு ஒட்டியவள், மனு எழுதியவள், மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகவில்லை. எனக்கு முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். நான் மட்டும் சுற்றியா போகிறேன்?

சாட்சி விசாரணை நாளன்று இருவரும் வந்திருந்தார்கள். கோவிந்து அண்ணன் வெள்ளைச் சட்டையில். செல்லம்மா கூழ்ப்பானையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்த அவசரத்தில். உன் அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் சொல்ற மாதிரியே சொல்லிடும்மா. புள்ள மேல ஒரு சொல்லு வந்துரக்கூடாது."

தலையாட்டினேன். அவர் முகத்துக்கு நேராகத் தலையாட்டினேன். உள்ளே போகும்வரை கோவிந்து அண்ணனைத்தான் கூப்பிடப்போகிறேன் என்று நானும் நம்பினேன். கேஸ் நம்பர் வாசித்ததும் அவர் சட்டையின் மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டு எழுந்தார். எத்தனையாவது முறை அப்படி எழுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். என் வாயில் செல்லம்மா பெயர்தான் வந்தது.

கூண்டில் அவர் பயப்படவில்லை. "பொய் சொல்ல வரலீங்க. அந்தப் பொண்ணு எதிர்ப் பக்கமாத்தான் வந்துச்சு. நாங்க எல்லாருமே அப்படித்தான் வர்றோம். வேற வழி எங்கங்க இருக்கு?" என்று நீதிபதியைப் பார்த்தே கேட்டார். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து கேள்வி கேட்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியதை நானே கொடுத்துவிட்டேன்.

குற்றத்தில் ஒரு பங்கு உன்னுடையது என்று தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறைந்தது. உன் அப்பா தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன்.

"எம்பொண்ணு தப்பா வந்தான்னு எழுதிட்டாங்களாம்மா?" என்றார். பிறகு, "நீயா சொல்ல வச்ச?" என்றார்.

ஆமாம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. உனக்காகத்தான் செய்தேனா, உன்னிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு ஆன செலவு மட்டும் அவருடையது.

'நடுத்தடுப்பின் உடைப்பு வழியாகத் திரும்ப முயன்றபோது' என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. உடைப்பு என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொள்கிற முதல் தீர்ப்பு. அதைப் பிரதியெடுத்து, உன் பழைய மனுவோடு சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. டிப்பர்கள் ஓடுகின்றன. இப்போதெல்லாம் நான் மூன்று கிலோமீட்டர் சுற்றித்தான் வருகிறேன். சுற்றும்போதெல்லாம், இதைச் செய்ய எனக்கு நேரமும் பெட்ரோலும் இருக்கிறது என்பதும் உறைக்கிறது.

இன்று வெள்ளையடிப்பவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவன் போன வாரம் உடைப்பில் அடிபட்டுச் செத்திருக்கிறான். உட்கார்ந்ததும் அவள் கேட்டது இதுதான்:

"சரியான பக்கம்தான் வந்தாருன்னு சொல்லிடுவீங்கல்ல, மேடம்? உங்ககிட்ட போனா சொல்லிடுவாங்கன்னு சொன்னாங்க."

அவள் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உன் அப்பாவிடம் தலையாட்டியதுபோல இவளிடமும் ஆட்டிவிட்டு, உண்மையைச் சொல்ல வைத்து இவள் பணத்தையும் குறைப்பேனா? இல்லை, கோவிந்து அண்ணனை எழுப்பி, உன் சாவோடு கிடைத்த ஒரே ஒரு வரியையும் அழிப்பேனா? "நாளைக்கு வாங்க, பேசுவோம்" என்று அனுப்பினேன்.

அவள் போன பிறகு வரைபடத்தைத் தரையில் விரித்தேன். உனக்கு இன்னும் பொட்டு ஒட்டவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உன்னோடு அதை ஒட்டுகிறவளும் போய்விட்டாள். உள்ளங்கையில் ஒட்டிய அந்தப் பழைய பொட்டை எடுத்து உடைப்பின் மேல் வைத்து அழுத்தினேன். பசை இல்லை. விரலை எடுத்ததும் நழுவி உருண்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு வளையல் கடைக்குப் போனேன். புது அட்டை ஒன்று கேட்டேன். கடைக்கார அம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து உனக்கு ஒன்று ஒட்டினேன். பக்கத்தில் அவள் கணவனுக்கு ஒன்று.

அட்டையில் இன்னும் நிறைய இருக்கிறது. கைப்பையில் வைத்திருக்கிறேன்.