இடக்கை மருத்துவரும் வலக்கை நாற்காலியும்

அனுப்புநர்
மரு. திரிபுரசுந்தரி,
பல் மருத்துவர்,
செர்லாய், மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
எறணாகுளம்.

பொருள்: இடக்கைப் பழக்கமுள்ள பல் மருத்துவர் சுல்ஃபத்தின் பணிநீக்கத்தை நிறுத்தி, அவருக்கு ஏற்ற நாற்காலி வழங்கக் கோருதல்.

ஐயா,

நான் வேலை செய்யும் தனியார் பல் மருத்துவமனைதான் மருத்துவர் சுல்ஃபத்தின் கழுத்தைக் கெடுத்தது. இப்போது கழுத்து சரியில்லாதவர் என்று சொல்லி அவரை வெளியே அனுப்புகிறது. இம்மாதம் முப்பதாம் தேதி அவருக்குக் கடைசி நாள். இதில் எனக்கும் பங்கு உண்டு.

1. சுல்ஃபத் இடக்கைக்காரர். நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலியும் அதோடு சேர்ந்த கருவித் தட்டும் டிரில்லும் வலக்கைக்காரர்களுக்காக அமைந்தவை. நான் நோயாளியின் வலப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிறேன். அவர் இடப்பக்கம் போனால் எச்சில் துப்பும் கிண்ணம் முழங்காலை இடிக்கும். டிரில்லின் குழாயை நோயாளியின் மார்புக்கு மேலே இழுக்க வேண்டும். அதனால் நின்றபடி, இடுப்பைத் திருகி, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து வாய்க்குள் பார்க்கிறார். வேர் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே நிற்கிறார்.

2. பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் சேவியர் என்ற நோயாளி, சுல்ஃபத் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்து, "என்ன டாக்டரே, சாக்கு எடுக்கிறது நானா, நீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சுல்ஃபத்தும் சிரித்தார். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது, தலையில் போடும் தட்டத் துணிக்குக் குண்டூசி குத்தக் கை எழாமல், என்னைக் குத்திவிடச் சொன்னார்.

3. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துவதாக எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். விரல்கள் மரத்துப்போகின்றன. இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய நாற்காலியை சுல்ஃபத் பலமுறை கேட்டார். சென்ற ஜூன் மாதம் எங்கள் இருவருக்கும் ஒரே வகையில் புது நாற்காலிகள் வாங்கியபோது, எது வேண்டும் என்று மேலாளர் கிருஷ்ணபிரசாத் என்னையும் கேட்டார். அந்த வகை வரத் தாமதமாகும் என்றார் விற்பனையாளர். என் பழைய நாற்காலி பழுதாகியிருந்தது. காத்திருக்க எனக்கு மனமில்லை. சாதாரணமானதே போதும், சுல்ஃபத் எப்படியும் சமாளித்துக்கொள்வார் என்று அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். வெளியே வந்ததும் அவர், "சுந்தரி, ஒரு நாள் என் பக்கம் நின்னு ஒரு பல்லு எடுத்து நோக்கு. பின்னே பேசு" என்றார். நான் நின்று பார்க்கவில்லை.

4. கடைவாய்ப்பல் பிடுங்க அவர் கையில் இப்போது பலமில்லை. அந்த நோயாளிகளை எனக்கு மாற்றினார்கள். மறுக்காமல் எடுத்துக்கொண்டேன். நான் வேகமானவள் என்று பெயர் வந்தது. அந்த வேகத்தைக் காட்டித்தான் அவரை மந்தமானவர் என்று வெளியேற்றுகிறார்கள்.

5. மருத்துவர்கள் தொழிலாளர்கள் இல்லை, தொழிலாளர் அலுவலகத்தில் இது எடுபடாது என்கிறார் மேலாளர். வெள்ளைக் கோட்டுக்குள்ளும் இருப்பது கழுத்துதான், ஐயா. அவருக்கு வயது முப்பத்தொன்று. இந்தக் கை போனால் வேறு கை இல்லை.

ஆகவே இந்தப் பணிநீக்கத்தை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். தாங்கள் நேரில் வந்து, டிரில்லை இடக்கையில் பிடித்து அந்த நாற்காலியருகே சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். சாட்சி சொல்ல நான் வருகிறேன். நாற்காலியைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்பதையும் சொல்வேன்.

சுல்ஃபத்தின் நோயாளிகளை இனிப் பார்க்க மாட்டேன் என்று நேற்று மேலாளரிடம் சொன்னேன். இன்று காலையும் அவர்களில் ஒருவரை என் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வலியில் இருந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாமல் பல்லைப் பிடுங்கினேன். பிறகு கையுறையைக் கழற்றாமலே மேலாளர் அறைக்குப் போய், முப்பதாம் தேதிக்குள் சுல்ஃபத்துக்கு நாற்காலி வேண்டும் என்றேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
மரு. திரிபுரசுந்தரி

இணைப்பு: இம்மனுவின் மலையாளப் பிரதி