அம்மன் காதில் சொன்னது

குவைத்
3-4-1999

அன்புள்ள வாணிக்கு,

உன் மாமன் தேவேந்திரன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீ நினைத்து நினைத்துக் கவலைப்படாதே. முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது.

கிரண் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று போனில் சொன்னாய். தம்பி நன்றாக இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மே மாதம் கங்கம்மா ஜாத்திரைக்கு நம் வாசலில் வேசம் போட்டுக்கொண்டு இனி யார் வந்து நிற்பது? போன் பூத்தில் நம் பிள்ளை உதயா உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இதைக் கேட்க முடியுமா? அதனால்தான் கடிதம்.

கைக்குழந்தையாக அவள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிழைத்தால் வருசா வருசம் சேலை கட்டி அம்மன் வேசம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவன் நான். நான் இங்கே வந்த பிறகு கிரண் எனக்குப் பதிலாகப் போட்டான். உதயாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை வாசலில் வந்து நிற்பது கங்கம்மாதான். காலைக் கழுவி மஞ்சள் பூசுவாள், அம்மனைக் குனியச் சொல்லிக் காதில் எதையாவது கேட்பாள். குடை கேட்டால் குடை வரும், செருப்பு கேட்டால் செருப்பு வரும். நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

நான் கிளம்பிய அன்றைக்கு மூன்று வயசுப் பிள்ளை அவள், என் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "கங்கம்மா ஒரு ஜாத்திரைக்கு என்னக் கையப் புடிச்சி இட்டாருவா, நீ பாத்துக்கினே இரு" என்று சொல்லித்தான் பிரித்தெடுத்தேன். இந்த மே மாதத்துக்கும் லீவு கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை, கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் வர முடியவில்லை, அம்மனாவது வரட்டும். யாரையாவது பிடித்து ஏற்பாடு செய். அம்மன் வராமல் போனால் நைனாவும் வரமாட்டார் என்று பிள்ளை நினைத்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. 

இப்படிக்கு
உன் தேவேந்திரன்


திருப்பதி
20-5-1999

அன்புள்ள மாமாவுக்கு,

வாணி எழுதுவது. உதயாவும் நானும் நன்றாக இருக்கிறோம். ஜாத்திரை நல்லபடியாக முடிந்தது. அம்மன் வந்தாள். எப்படி வந்தாள் என்று கேட்டால் நீங்கள் அங்கே தலையில் கை வைத்துக்கொள்வீர்கள்.

ஆளைப் பிடி என்று எழுதுவது சுலபம். இந்தத் தெருவில் ஆம்பளை யார் மிச்சம் இருக்கிறார்கள்? ஒருத்தர் பெங்களூர், ஒருத்தர் மெட்ராஸ், மிச்சம் பேர் உங்களோடு அங்கே. பக்கத்து வீட்டு மணியம்மாவின் வீட்டுக்காரர்தான் சரி என்றார். அவர் வேண்டுதல் எல்லாம் பிராந்திக் கடையில் முடிந்து, விடியும்போது திண்ணையில் கவிழ்ந்து கிடந்தார். மணியம்மா அழுதுகொண்டே சேலையையும் சவுரிச் சடையையும் என் கையில் கொடுத்துவிட்டாள்.

நானே போட்டேன் மாமா. ஆம்பளை பொம்பளையாகும் திருவிழாவில், பொம்பளை நான் ஆம்பளை கட்டின மாதிரி சேலையைக் கோணல்மாணலாகக் கட்டிக்கொண்டேன். ஒழுங்காகக் கட்டினால் தெருவே கண்டுபிடித்துவிடும். முகம் முழுக்க மஞ்சள், நெற்றி முழுக்கக் குங்குமம், வாயில் வேப்பிலை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்று உதயாவிடம் மணியம்மா சொல்லி வைத்தாள். நடக்கும்போது உங்கள் நடையை நினைத்துக்கொண்டேன். கங்கம்மா மன்னிப்பாள், அவளும் பொம்பளைதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை என் காலைக் கழுவினாள். பெற்றவள் காலைக் கழுவுகிறோம் என்று தெரியாமல், விரல் விரலாக மஞ்சள் பூசினாள். அப்புறம் குனியச் சொன்னாள். காதில் ஒன்று கேட்டாள்.

என்ன கேட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அது குடையும் இல்லை, செருப்பும் இல்லை. கடையில் கிடைக்கிற பொருளே இல்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று வேறு சொன்னாள். மூன்றாவது தெரு முனை வரைக்கும் அழாமல் நடந்து போனேன், அங்கே மரம் அறுக்கிற மில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். நீங்கள் வந்தால் நேரில் சொல்கிறேன். நீங்கள் வந்தால்தான் அது ஆகும்.

எப்போது வருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். 

உங்கள்
கலைவாணி


குவைத்
9-4-2000

அன்புள்ள வாணிக்கு,

உன் மாமன் எழுதுவது. கடிதம் போட்டு நாளாகிவிட்டது என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாய், உதயா "நல்லாக்கீறேன் நைனா, நீ துன்னியா" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். முன்பெல்லாம் ரிசீவரை விடவே மாட்டாள்.

போன வருசம் அவள் காதில் என்ன கேட்டாள் என்று நீ இன்னும் சொல்லவில்லை. நானும் யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். சைக்கிளா? எதுவாக இருந்தாலும் சொல், வாங்கி அனுப்புகிறேன். உன் பிடிவாதம் இந்தக் கடல் தாண்டியும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இந்த வருசமும் மே மாதம் கிடைக்கவில்லை. அதே பரீட்சை, அதே பதில். கோபப்படாதே. அடுத்த வருசம் பெரிய பையன் பள்ளிக்கூடம் முடிக்கிறான், கட்டாயம் விடுவார்கள். அப்போது நானே வேசம் போட்டு வாசலில் நிற்பேன். அவள் கால் கழுவும்போது குரல் கொடுப்பேன். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்துத்தான் இங்கே நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு வருசம் நீ சமாளித்துவிடு. பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே.

உன்
தேவேந்திரன்


திருப்பதி
18-5-2000

மாமாவுக்கு,

வாணி எழுதுவது. இந்த வருசம் நம் வாசலுக்கு அம்மன் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஜாத்திரைக்கு முந்தின நாள் சேலையை எடுத்துப் பரண் மேல் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன். உதயா பின்னால் வந்து நின்றாள். "ம்மா, நீ வேசம் கட்டிக்கினு நிக்க வேணாம். எனக்குத் தெரியும்" என்றாள். போன வருசம் சாப்பாடு போடும்போது என் காதுமடலில் மஞ்சள் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, எங்க நைனாகூட வேசம் போடுவாரு என்று சொன்னாளாம். எல்லாவற்றையும் தானாகச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு வருசமாக என்னிடம் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முன்னால் வந்தது சித்தப்பாவா, அதற்கும் முன்னால் நைனாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கங்கம்மா கோயிலில் இருக்கிறாள்தானே என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "நா சொன்னத நைனாகிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "சொல்லாத. பாவம் அவுரு" என்றாள். சரி என்றேன்.

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீறி இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அம்மன் காதில் அவள் சொன்னது இதுதான்: "போட்டோல இருக்கிற நைனாவத் தெரியும். நேர்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியாது. தெரியலன்னா நைனா அழுவாரு. எப்படியாச்சும் எனக்குத் தெரிய வெச்சிடு. அம்மாகிட்ட சொல்லாத."

இதைக் கேட்டுவிட்டும் நான் வாய் திறக்காமல்தான் இருந்தேன். மே மாதம் லீவு கிடைக்காமல் தவிக்கிற மனுசனை மேலும் குத்த வேண்டாம் என்று பார்த்தேன். போன வாரம் கங்காதர நெல்லூர் கங்கையா லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்த பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், தேவேந்திரன் அண்ணன் ஆடி மாசம் லீவ் எடுக்கவே மாட்டேங்கிறாரே, முதலாளி குடும்பத்தோட வெளிநாடு போறப்ப வருசா வருசம் டிக்கெட் போட்டுத் தரேன்னு அவரே சொல்றாரே என்று. எனக்குத் தெரியும் என்று சொல்லி மழுப்பினேன். எனக்கு என்ன தெரியும்?

என்ன மனுசன் நீங்கள்? மே மாதம் கிடைக்காவிட்டால் ஆடி மாதம் வரக் கூடாதா? வாசலில் அம்மனாக நின்று பிள்ளையை மலைக்க வைக்க வேண்டும் என்பதற்காக, கிடைத்த லீவையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? பிள்ளை நம்பிக்கையைக் கெடுக்காதே என்று எனக்குப் புத்தி சொல்கிறீர்கள். அவள் நம்பி முடித்து, விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பும் முடித்துவிட்டாள். இந்த வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறவர் நீங்கள் ஒருத்தர்தான்.

அவளுக்கு அம்மன் வர வேண்டாம். எனக்கும் வேண்டாம். பேண்ட் சட்டையோடு, கையில் பெட்டியோடு, ஏதாவது ஒரு கிழமையில் வந்து நில்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். அடுத்த வருசம் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நான் அதைப் படித்துக் காட்டமாட்டேன், பதிலும் போடமாட்டேன்.

கலைவாணி


குவைத்
11-6-2000

அன்புள்ள வாணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வாரமாகப் பதில் எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன்.

நீ திட்டியது எல்லாம் சரி. மற்ற நாளில் வந்தால் நான் லீவில் வந்த டிரைவர். அந்த ஒரு நாளில்தான் என் பிள்ளை என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

முதலாளியிடம் பேசிவிட்டேன், டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. ஜூலை பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஒரு பண்டிகையும் இல்லை. மெட்ராஸில் இறங்கி பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வந்துவிடுவேன். உதயாவைக் கூட்டிக்கொண்டு வா. இதற்குக் கீழே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு. இல்லை, அவளையே படிக்கச் சொல்.

உதயா, நைனா எழுதுகிறேன். நீ அம்மன் காதில் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. என் அடையாளத்தை நானே சொல்கிறேன். போட்டோவில் இருக்கிற முடி இப்போது இல்லை, முன்பக்கம் வழுக்கை. மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டிருக்கிறேன். சிரித்தால் மேல் பல் ஒன்று இருக்காது, பிடுங்கியாகிவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு வருவேன். இத்தனையும் சொல்லியும் உனக்கு என்னைத் தெரியாமல் போனால், நீ பயப்பட வேண்டாம். நான் அழமாட்டேன்.

எனக்கும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நீயும் அம்மாவிடம் சொல்லாதே. லீவு முடிந்து திரும்பிய கங்கையா உன் பள்ளிக்கூட குரூப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே ரிப்பன். இரண்டாவது வரிசையில் ஓரமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறவள்தான் என் பெண் என்று ரூமில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அது நீதானா? 

உன்
நைனா