புரியாத இடத்தில் ஒரு சிவப்பு அம்பு

நேற்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பேனா தீர்ந்துபோய் பைக்குள் கையை விட்டேன். பேனா கிடைக்கவில்லை. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அட்டை ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் செய்கிறவர்கள், தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதுதான். பார்த்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பில் சேர்ந்திருக்கிறேன், தெரியுமா? அஞ்சல் வழிதான், ஞாயிறு மட்டும் வகுப்பு. பக்கத்தில் இருந்தவர் லேப்டாப்பில் தட்டுகிறார். முன் வரிசைப் பெண் போர்டைச் செல்போனில் படம் பிடிக்கிறாள். நான் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். கை வலித்ததுதான் மிச்சம். ஒரு வரி புரிந்திருந்தால் கேள்.

நம் முதல் சண்டையே இதைப் பற்றித்தான். "டேப் ரெக்கார்டர் மாதிரி எதுக்குப் புள்ள எல்லாத்தையும் எழுதற? சுருக்கெழுத்துக் கத்துக்கோ" என்பாய். குண்டடத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்து, சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்தும் படித்தவள் நீ. சார் வாயைத் திறந்தால் போதும், வளைவும் கோடுமாகப் பக்கத்தை நிரப்பிவிடுவாய். "என்னட்டி இது, கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று நான் கேலி செய்வேன். கண்டக்டருக்கும் 'ங்க', கேன்டீன் பூனைக்கும் 'ங்க' போட்டு நீ பேசுவதையும் விட்டுவைக்க மாட்டேன். நாங்கள் நெல்லைப் பக்கத்திலிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். எத்தனை வருடமானாலும் எங்கள் வாய்க்கு உங்கள் ஊர் 'ங்க' பழகவே இல்லை.

கேலி செய்தவளே உன்னிடம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், மண்ணரைப் பக்கம் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் காலை பத்து மணி வரை அவளுக்குப் பதிலாக நான் செக்கிங் டேபிளில் நின்றேன். கல்லூரியில் முதல் பீரியட் கம்பெனிச் சட்டம். அது எனக்குத் தினமும் போனது. ஏற்கெனவே ஒரு அரியர் வேறு. "இன்னொண்ணும் போச்சுன்னா படிப்பு போதும்ளா. முழு ஷிப்டுக்குப் போயிரு" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"நீ எதுக்குப் பயப்படற? சார் பேசறது ஒரு வார்த்தை உடாம என்ற நோட்டுல இருக்கும்" என்றாய். நம்பினேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாய். முதல் பக்கத்தை வாசித்தாய். இரண்டாம் பக்கத்தில் திக்கினாய். மூன்றாம் பக்கத்தை முகத்துக்கு அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாய். சுருக்கெழுத்தை அன்றன்றைக்கே விரித்து எழுதிவிட வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் தலைபாடாக அடித்துக்கொண்டார்களாம். வேகமாக எழுதுகிற பெருமையில் நீ ஒரு நாளும் அதைச் செய்யவில்லை.

"நான் எழுதுனது எனக்கே வெளங்கல புள்ள."

திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன்ன நம்பி மோசம் போனேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நீ அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாய். கம்பெனியிலிருந்து ஓடிவந்த அவசரத்தில் ஒரு சிவப்பு அம்பு என் சுடிதார் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது என்னது?" என்றாய். எங்கள் சூப்பர்வைசர் அக்கா சொல்வதை அப்படியே சொன்னேன்: "சந்தேகம்னா ஒட்டு. பிசகுனது டெய்லர் தப்பு. பாத்துட்டு ஒட்டாம உட்டா அது உன் தப்பு."

நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப இந்த நோட்டுக்கும் ஒட்டிப்போடலாமே" என்றாய்.

மறுநாள் அக்காவிடம் கேட்டு இரண்டு அட்டை வாங்கி வந்தேன். வாசிக்க முடியாத இடமெல்லாம் ஒட்டினோம். நோட்டுக்கு அம்மை போட்டது போல ஆயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், வாசிக்க முடிந்த இடத்திலும் பாதி நமக்குப் புரிந்திருக்கவில்லை. அங்கேயும் ஒட்டினோம். வகுப்புக்கே வராதவள் எந்த முகத்தோடு சாரிடம் போவது என்று நான் பின்வாங்கினேன். நீதான் என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் மேஜை மேல் நோட்டை வைத்தாய்.

"ஏனுங்க சார், இந்த எடம் எங்களுக்கு வெளங்கலீங்க. இன்னொருக்கா சொல்றீங்களா?"

சார் நோட்டைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு மூன்று நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். நீ சுருக்கெழுத்தில் எடுப்பாய். வெளியே வந்த சூட்டோடு எனக்கு வாசித்துக் காட்டுவாய். நான் கேட்டுவிட்டு என் சொல்லில் நாலே வரி எழுதுவேன். புரிந்துவிட்டால் அம்பை உரித்துவிடுவோம். அந்த வேலையை எப்போதும் நீதான் செய்வாய்.

தேறிவிட்டேன், அரியரும் சேர்த்து. அப்பா கால் கிலோ ஜிலேபி வாங்கி வந்து, "அந்தக் குண்டடத்துப் பிள்ளைக்கும் கொண்டு போ" என்றார்.

படிப்பு முடிந்து இரண்டே வருடத்தில், மஞ்சள் காமாலை என்றார்கள், போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினேன். கேன்டீனுக்குப் பின்னால் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கினேன், ஆனால் எழுதவில்லை. அதுவரை எழுதிய இரண்டு பக்கத்தை வாசித்துப் பார்த்து, புரியாத இடத்தில் அம்பு ஒட்டினேன். ஏழு வந்தது. கேட்கலாமா என்று சுற்றிலும் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கையைத் தூக்கினேன்.

"ஏனுங்க சார், இந்த எடம் எனக்கு வெளங்கலீங்க. இன்னொருக்கா சொல்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இத்தனை வருடம் என் வாய்க்கு வராத 'ங்க'. நீ சொன்ன அதே சொற்கள், நீ இழுக்கும் அதே இழுப்பு. கண்ணில் நீர் முட்டியது; சிரிப்பும் வந்தது.

சார் போர்டை அழித்துவிட்டு முதலிலிருந்து சொன்னார். லேப்டாப்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேட்டார். புரியாமல் இருந்தது எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. நான் நாலு வரி எழுதிவிட்டு முதல் அம்பை உரித்தேன்.

இன்னும் ஆறு இருக்கிறது புள்ள. அடுத்த ஞாயிறு கேட்டுவிடுகிறேன்.